சாய மஞ்சள்

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மசாலா அரைத்து விற்ற பெண்களிலேயே ரத்தினம்மாவின் குரல்தான் பெரிசு. ஆட்டிறைச்சிக் கடைகளுக்கும் மீன் மேடைகளுக்கும் நடுவே, ஈரம் காயாத சிமெண்டுத் தரையில், பலகை போட்டு உட்கார்ந்திருப்பாள். முன்னால் அம்மி. பக்கத்தில் எனாமல் தட்டுகளில் மிளகாய், மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் தனித்தனியாக அரைத்துக் குவித்து வைத்திருக்கும். சீனத்தி வந்து கூடையைத் திறந்து மீனைக் காட்டினால் போதும். புளி ஊற்றப் போகிறாளா, தேங்காய்ப் பாலா என்று மலாயில் கேட்டபடியே, வாழையிலைத் துண்டில் இதில் ஒரு கிள்ளு, அதில் ஒரு உருண்டை என்று எடுத்து வைத்து மடித்துக் கொடுத்துவிடுவாள்.

மணிக்கட்டு வரைக்கும் அவள் கை மஞ்சள். எந்த சோப்புக்கும் போகாது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. கறிக்கு மசாலா வாங்க வந்தவர்களுக்கு வைத்தியமும் சேர்த்துக் கொடுப்பது அவள் வழக்கம். குதிகால் வெடிப்பா? மஞ்சளும் விளக்கெண்ணெயும். முகத்தில் பருவா? மஞ்சளும் பயத்தமாவும். அம்மைத் தழும்பு, வேர்க்குரு, சேற்றுப்புண், எதற்கென்றாலும் மஞ்சள் தட்டிலிருந்து ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்துச் சும்மா கொடுப்பாள். "தோலுக்கு இதைவிட மருந்து இல்ல. எங்க ஊரு பொம்பளைங்க மூஞ்சியைப் பாரு, ஒரு பரு இருக்கா?" என்பாள்.

சிங்கப்பூர் தனி நாடாகி மறு வருஷம் அது. ரத்தினம்மாவின் புருஷன் மருதப்பன் சாலைக்குத் தார் போடும் கூட்டத்தில் கூலியாள். ஒரே மகள் கமலா, இருபது வயது, சிராங்கூன் ரோட்டில் ஒரு தையல் கடையில் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தாள். சந்தர் ரோட்டுக் கடைவீடு ஒன்றின் மாடியில் ஒற்றை அறையில் மூவரும் இருந்தார்கள். அடுத்த அறையில் கதீஜா என்கிற மலாய்க்காரியும் அவள் புருஷனும். பின்பக்கம் சமையலறையும் குழாயும் எல்லாருக்கும் பொது.

கமலாவைப் பார்க்க வந்தது அழகப்பன் வீட்டார். பஸ் கம்பெனியில் டிக்கட் கிழிக்கும் வேலை அவனுக்கு. தாய் தகப்பன் இல்லை. அவனை வளர்த்த அக்கா லட்சுமிதான் எல்லாம். காளியம்மன் கோயில் மண்டபத்தில் பெண்ணைப் பார்த்தார்கள். அழகப்பன் தலையைக் குனிந்தபடி, இரண்டு தடவை மட்டும் நிமிர்ந்து பார்த்தான். லட்சுமிதான் பேசினாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. நிறம்தான் கொஞ்சம் மட்டு. அதனால என்ன? நீங்க மசாலாக்காரங்க, மஞ்சளுக்கா பஞ்சம்? கல்யாணத்துக்குள்ள நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டுங்க, தெளிஞ்சிடும்."

ரத்தினம்மாவுக்குச் சுருக்கென்றது. அவளும் கறுப்புதான், அவள் தாயும் கறுப்புதான். மார்க்கெட்டில் எவளாவது இப்படிச் சொல்லியிருந்தால் அம்மிக்குழவியைக் கையில் எடுத்திருப்பாள். ஆனால் மாப்பிள்ளை வீடு. "அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து தினமும் மார்க்கெட் முடிந்து வரும்போது ஓர் உருண்டை மஞ்சளை இலையில் பொதிந்து கொண்டு வந்தாள். பயத்தமாவும் பாலேடும் கலந்து, குழாயடியில் மகளை உட்கார வைத்து, நெற்றியிலிருந்து கழுத்து வரை அழுத்தித் தேய்த்தாள்.

"எரியுதும்மா."

"எரியத்தான் செய்யும். அழுக்கு போறப்ப எரியாதா?"

"இது அழுக்கு எரியிற மாதிரி இல்ல. சுள்ளுன்னு இருக்கு. போதும்லா."

"சும்மா இருடி. நீயா கல்யாணம் பேசிட்டு வந்தே? அவ மண்டபத்துல வெச்சு நிறம் மட்டுன்னு சொன்னப்போ உனக்குச் சுள்ளுன்னு இல்லையா?"

ரத்தினம்மா இன்னும் அழுத்தித் தேய்த்தாள். லட்சுமி மேல் இருந்த ஆத்திரமெல்லாம், அம்மி பிடித்துக் காய்த்துப்போய் எதுவும் உறைக்காத அந்தக் கையில் இறங்கியது. ஆனால் அது விழுந்தது மகளின் கன்னத்தில்.

முதலில் சிவந்தது. சிவப்பு என்றால் நிறம் மாறுகிறது என்று ரத்தினம்மா சந்தோஷப்பட்டாள். பிறகு தடித்தது. இது சூடு என்று சொல்லி இளநீர் வாங்கிக் கொடுத்தாள், மஞ்சளை நிறுத்தவில்லை. ஒரு காலையில் கமலா எழுந்தபோது கண் இரண்டும் இடுங்கி, கன்னம் முழுக்கக் கொப்புளம் வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கழுத்தில் தோல் வழன்று நின்றது. கதீஜா குழாயடியில் அவளைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த வாளியை அப்படியே கீழே வைத்தாள்.

தையல் கடைக்காரர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "துணி வாங்க வர்றவங்க பார்த்தா நல்லாருக்காது. கொணமான பெறகு வா" என்றார். குணமாக எவ்வளவு நாளானாலும் அந்த வேலை இருக்குமா என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சேதி எப்படிப் போனதோ, லட்சுமி குவீன்ஸ்டவுனிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். மாடிப்படி ஏறி வந்தவள் அறைக்குள் நுழையவில்லை. வாசற்படியில் நின்றபடியே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"என்னது இது? இதை வெச்சுக்கிட்டா எங்க தலையில கட்டப் பார்த்தீங்க?"

"நீங்க தேய்க்கச் சொன்ன மஞ்சள்தான் அக்கா. ஒத்துக்கல போலிருக்கு" என்றாள் ரத்தினம்மா.

"மஞ்சள் ஒத்துக்காத பொம்பளையை நான் பார்த்ததில்ல. இது தோல் வியாதி. பரம்பரையா இருக்கா? உங்க வீட்டுல யாருக்காச்சும் இருந்திச்சா? சொல்லிடுங்க, இப்பவே சொல்லிடுங்க!"

மருதப்பன் எழுந்து நின்று கைகூப்பினான். "தாயி, அப்படியெல்லாம் இல்ல தாயி" என்றான். அவன் கும்பிட்டதைப் பார்த்ததும் ரத்தினம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த கமலா மட்டும் திரும்பவேயில்லை.

மறுநாள் மகளை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். தடித்த கண்ணாடிக்குள்ளிருந்து வெகுநேரம் கன்னத்தைப் பார்த்தார்.

"என்னத்தைப் பூசினனீங்கள்?"

"மஞ்சள்தான் ஐயா. என் கையால அரைச்சது."

"மஞ்சள் இப்பிடிச் செய்யாது. தினமும் பூசினதோ?"

"ஆமாங்க."

"அந்த மஞ்சளுக்குள்ளை வேறை என்னவோ கிடக்கு. சாயமாயிருக்கும். இப்ப கொஞ்சக் காலமா இப்பிடிச் சிலபேர் வருகினம். இனி முகத்திலை ஒண்டும் போடக்கூடாது. விளங்குதோ?"

"எங்கிட்ட சாயம் கெடையாது ஐயா! இத்தனை வருஷமா மார்க்கெட்டுல உக்காந்திருக்கேன். யாரை வேணும்னாலும் கேளுங்க."

டாக்டர் மருந்துச் சீட்டை நீட்டினார். "நான் உங்களைச் சொல்லேல்லையம்மா. நீங்கள் எங்கை வாங்கினீங்களோ, அங்கை போய்க் கேளுங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ரத்தினம்மா மஞ்சள் மூட்டையை அவிழ்த்தாள். பஃபலோ ரோட்டில் தங்கராஜு முதலாளி கடையில் வாங்கியது. தீபாவளிக்குப் பிறகு வந்த சரக்கு. விரல் விரலாகப் பளபளவென்றிருந்தது. ஊறப்போட்ட தண்ணீரே தங்கமாக மின்னுகிறது என்று அவளே முதலாளியிடம் புகழ்ந்திருக்கிறாள். வாசனை கொஞ்சம் குறைவாக இருந்ததை மழைக்காலத்து ஈரம் என்று நினைத்துவிட்டாள். இப்போது ஒரு விரல் மஞ்சளைத் தண்ணீரில் நனைத்து மருதப்பனின் வெள்ளை வேட்டியில் தேய்த்தாள். எலுமிச்சை நிறத்தில் பளிச்சென்று ஒட்டியது. அம்மியில் வைத்துத் தட்டி உடைத்தாள். உள்ளே நிறமே இல்லை. காய்ந்த மரக்குச்சி போல வெளுத்து, புழு தின்ற துளைகளோடு இருந்தது. இன்னொன்று உடைத்தாள். அதுவும் அப்படித்தான். புழுத்துப்போன மட்டச் சரக்கை வாங்கிச் சாயப்பொடியில் புரட்டி விற்றிருக்கிறான்.

"பாவி" என்றாள் ரத்தினம்மா. மார்க்கெட்டையே அதட்டுகிற குரல் அடுத்த அறைக்குக்கூடக் கேட்கவில்லை. இதைத்தான் மகள் முகத்தில் தேய்த்தாள். இதைத்தான் இந்த வீட்டில் குழம்பில் போட்டுத் தின்றார்கள். ஊரெல்லாம் தின்றது.

வேலை முடிந்து தார் வாடையோடு வந்த மருதப்பனிடம் காட்டினாள். அவன் உடைந்த மஞ்சளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"வாயைத் தொறக்காதே."

"என்ன சொல்றீங்க?"

"தங்கராஜு முதலாளி சொல்லித்தான் உனக்கு மார்க்கெட்டுல எடம் கெடைச்சது. கோயில் கமிட்டில அவருதான் எல்லாம். நாளைக்கு நமக்கு ஒரு காரியம்னா அவருகிட்டத்தான் போய் நிக்கணும். அதை விடு. நீ போய் மஞ்சள்ல சாயம்னு கத்துனா, எவ மஞ்சள்ல? உன் தட்டுல இருக்கிற மஞ்சள்லதானே? மொதல்ல உன்னைத்தான் கல்லால அடிப்பாங்க."

"அப்போ அந்த லட்சுமி தோல் வியாதின்னு ஊரெல்லாம் சொல்லட்டுமா?"

"அவங்ககிட்ட மெதுவாச் சொல்லிக்கலாம். மூஞ்சி ஆறட்டும். கடை இருந்தாத்தான் கல்யாணம்."

மூலையிலிருந்து கமலா பேசினாள். முகத்தில் களிம்பு பூசியிருந்ததால் வாயை அதிகம் அசைக்காமல், பல்லுக்குள்ளிருந்து பேசினாள்.

"அப்பா, மூஞ்சி யாரோடது?"

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா…"

"என் மூஞ்சியை வெச்சு ஆளாளுக்குக் கணக்குப் போடுறீங்க. அந்தம்மாவுக்கு வெள்ளையா வேணும். உங்களுக்குக் கடை வேணும். முதலாளிக்கு வியாபாரம். எரியுது எரியுதுன்னு சொன்னேனே, யாராச்சும் கேட்டீங்களா?"

"சாயம் போட்டவன் கை வெளங்குமாடி? அவன்…" என்று ரத்தினம்மா ஆரம்பித்தாள்.

"சாயம் போட்டது அவரு. தேய்ச்சது யாரு?"

அடுப்பில் சோறு கொதித்துப் பொங்கி வழிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. கதீஜாதான் ஓடிவந்து மூடியைத் தள்ளிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மார்க்கெட்டில் மஞ்சள் தட்டை வெளியே வைக்கவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் கேட்டபோது இன்றைக்கு இல்லை என்றாள். அவ்வளவுதான், சொல்லாமல் கொள்ளாமல் இந்தச் சரக்கை ஒதுக்கிவிட்டு வேறு வாங்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு அவளுக்குள்ளும் ஓடத்தான் செய்தது. மருதப்பன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கத்தி என்ன ஆகப் போகிறது?

அப்போதுதான் ஒரு சீனத்தி வந்தாள். காய்கறி மேடைக்காரனின் மனைவி. எல்லாரும் ஆ மோய் என்று கூப்பிடுவார்கள். கைக்குழந்தையை முதுகில் துணியால் கட்டியிருந்தாள். குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு என்று சொல்லி வந்தவளுக்கு ரத்தினம்மாதான் மஞ்சள் உருண்டை கொடுத்திருந்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. காசு வாங்காமல்.

ஆ மோய் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். "குன்யிட்?" என்றாள். மஞ்சள் வேண்டுமாம். குழந்தையைத் திருப்பிக் காட்டினாள். கழுத்து மடிப்பில் வேர்க்குரு இல்லை. தோல் வெந்து, சிவந்து, புண்ணாகியிருந்தது. புண் பெரிதாகிறது, அதனால் இன்னும் கொஞ்சம் கூடப் போட வேண்டும் என்று கையாலும் மலாயிலுமாகச் சொன்னாள்.

குழந்தை அவளைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்தது.

"வேணாம்!" என்று தமிழில் கத்திவிட்டாள். பிறகு மலாயில் சொன்னாள். அந்த மஞ்சள் கெட்டது, இனிமேல் போடாதே, வீட்டில் இருந்தால் தூக்கி எறி, குழந்தையை டாக்டரிடம் காட்டு. ஆ மோய்க்கு முதலில் புரியவில்லை. இவள் கொடுத்ததுதானே? இவளே கெட்டது என்கிறாளே? ரத்தினம்மா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, என் மகளுக்கும், என் மகளுக்கும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். புரிந்ததும் ஆ மோயின் முகம் மாறியது. முதுகிலிருந்து குழந்தையை அவிழ்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திட்டத் தொடங்கினாள். தன் சீன பாஷையில், ஹொக்கியனில் திட்டினாள். ஒரு சொல்லும் ரத்தினம்மாவுக்கு விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது. மீன்காரர்கள் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்து மசாலாக்காரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரத்தினம்மா பலகையில் உட்கார்ந்தபடி அவ்வளவையும் வாங்கிக்கொண்டாள்.

ஆ மோய் போனதும் எழுந்தாள். வீட்டுக்குப் போய் மஞ்சள் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நேராகப் பஃபலோ ரோட்டுக்கு நடந்தாள்.

தங்கராஜு கடையில் நல்ல கூட்டம். நெற்றி நிறையத் திருநீறோடு முதலாளி கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ரேடியோவில் நாதசுரம் கேட்டுக்கொண்டிருந்தார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷன் என்று பெயர். கடைக்கு முன்னால் மாடிக்குக் கீழே ஓடும் அஞ்சடி நடைபாதையில் மூட்டையைத் தொப்பென்று போட்டாள் ரத்தினம்மா.

"வா ரத்தினம்மா. என்ன, சரக்குத் திரும்பி வருது?"

"இது என்ன முதலாளி?"

"மஞ்சள்."

"மஞ்சளா? என் பொண்ணு மூஞ்சி வெந்துபோச்சு முதலாளி. ஒரு பச்சைக்குழந்தை கழுத்து புண்ணாப் போச்சு. டாக்டர் சாயம்னு சொல்றாரு."

அவர் ரேடியோவைக் குறைத்தார். கடைக்குள் இருந்தவர்களையும் பார்த்தார். "கமலாவுக்கு முகம் சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். பாவம். பொறுமையாப் பேசு. சமையல் மஞ்சள் வேற, பூசுற மஞ்சள் வேற. கஸ்தூரி மஞ்சள்னு தனியா இருக்குல்ல? நீயே மசாலாக்காரி, உனக்குத் தெரியாததா?"

"நான் பொறந்ததுல இருந்து சமையல் மஞ்சளைத்தான் பூசுறேன். எங்கம்மா பூசினா. எங்களுக்கெல்லாம் வேகல. உள்ள புழு தின்னுருக்கு, வெளியில சாயம் போட்டுருக்கு. உடைச்சுக் காட்டவா?"

"எனக்கு இந்தியாவுல இருந்து கப்பல்ல எப்படி வருதோ அப்படியே விக்கிறேன். நானா சாயம் போட்டேன்?"

"போடல. சரி. அப்போ நல்ல மஞ்சள்."

"நல்ல மஞ்சள்தான்."

கடைவாசலில் கை கழுவ வைத்திருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தாள். மூட்டையிலிருந்து ஒரு பிடி மஞ்சளை அள்ளித் தரையில் வைத்து, எடைக்கல்லால் நசுக்கி, தண்ணீர் விட்டுக் குழைத்தாள். கூட்டம் சுற்றி வளைத்துக்கொண்டது. எலுமிச்சை நிறத்தில் வழிந்த உள்ளங்கையை முதலாளிக்கு முன்னால் நீட்டினாள்.

"பூசுங்க."

"என்ன ரத்தினம்மா விளையாட்டு? ஆம்பளை மஞ்சள் பூசுறதா?"

"மூஞ்சில வேணாம். கையில பூசுங்க. நாளைக்குக் காலையில நான் வந்து பார்க்கிறேன். ஒண்ணும் ஆகலைன்னா இதே எடத்துல எல்லாரு முன்னாலயும் உங்க கால்ல விழறேன்."

"கடையில வந்து கலாட்டா பண்றியா? உனக்கு மார்க்கெட்டுல எடம் வாங்கிக் கொடுத்தது யாரு? மறந்துட்டியா?"

"மறக்கல. அதையும் சேர்த்துத்தான் கேக்கிறேன். நீங்க ஆம்பளை, வேணாம். உள்ள உங்க பொண்ணு இருக்கே, நம்ம கமலா வயசுதான். கூப்பிடுங்க. ஒரு கன்னத்துல பூசலாம்."

தங்கராஜு எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "என் பொண்ணு கிட்ட அதைக் கொண்டு போனே, கையை ஒடிச்சிடுவேன்!"

ரேடியோவில் நாதசுரம் மெல்லக் கேட்டது. கல்லா ஓரம் நின்ற ஒரு கிழவர் தான் கட்டச் சொன்ன பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"ஏன் முதலாளி? மஞ்சள்தானே?" என்றாள் ரத்தினம்மா.

அவர் குனிந்து நாற்காலியை நிமிர்த்தினார். ரத்தினம்மா மூட்டையைக் கவிழ்த்துச் சாக்கடையில் கொட்டினாள். கலங்கிய தண்ணீர் நெடுந்தூரம் வரைக்கும் எலுமிச்சை நிறத்தில் ஓடியது. இவ்வளவு நேரமும் அழவில்லை, வீட்டுப் படியேறும்போதுதான் அழுதாள். அதுவும் ஆத்திரத்தில்.

அதற்குப் பிறகு நியாயம் ஒன்றும் மளமளவென்று வந்துவிடவில்லை. மார்க்கெட் அதிகாரி வந்து ரத்தினம்மாவின் தட்டுகளைத்தான் முதலில் சோதித்தார். மஞ்சளே இல்லாத தட்டுகளைக்கூடக் கொட்டச் சொன்னார். தங்கராஜு கடைக்கும் போனார்கள். அதற்குள் அங்கே அந்தச் சரக்கில் ஒரு மூட்டைகூட இல்லை. ஜொகூருக்கு லாரி போனதாகச் சொன்னார்கள். ஆடி மாதத்தில் முதலாளி வழக்கம்போலக் கோயிலில் முன்வரிசையில் நின்றார். ஆனால் மஞ்சள் வாங்க அவர் கடைக்குப் போன பெண்கள் குறைந்துபோனார்கள்.

பஃபலோ ரோட்டு வரிசையில் வேறு எந்தக் கடையும் ரத்தினம்மாவுக்குச் சரக்குக் கொடுக்கவில்லை. பக்கத்து மசாலாக்காரிகள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். "உன் வாயால எங்க மஞ்சளையும் ஒருத்தரும் தொடமாட்டேங்கிறாங்க" என்று ஒருத்தி மூஞ்சிக்கு நேரே சொன்னாள். கதீஜாவின் அண்ணனுக்குப் பாசிர் ரிஸ் பக்கம் மலாய்க் கிராமமான ஒரு கம்பத்தில் தோட்டம் இருந்தது. அங்கிருந்து மண் ஒட்டிய பச்சை மஞ்சள் வரவழைத்துக் கொடுத்தாள் கதீஜா. அதை வாடிக்கைக்காரர்கள் கண்முன்னாலேயே கழுவி அரைத்தாள் ரத்தினம்மா. சிலர் திரும்பி வந்தார்கள். ஆ மோய் வரவில்லை. குழந்தைக்குக் குணமாகிவிட்டது. ஆனாலும் அவள் மசாலாவை வேறொருத்தியிடம் வாங்கிக்கொண்டு, ரத்தினம்மா பக்கம் திரும்பாமலே போனாள். அது நியாயம்தான் என்று ரத்தினம்மா நினைத்துக்கொண்டாள். யார் எதற்குக் கேட்டாலும் மஞ்சளைச் சும்மா கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

கமலாவின் முகம் மெல்ல ஆறியது. வீக்கம் வடிந்தது, தோல் உரிந்தது, புதுத்தோல் வந்தது. இடது கன்னத்தில் மட்டும் ஒரு திட்டு, மற்ற இடத்தைவிட வெளுப்பாக நின்றுவிட்டது. அவள் கண்ணாடி பார்ப்பாள். அம்மாவிடம் தேவைக்கு மட்டும் பேசுவாள். ரத்தினம்மா களிம்பு போட்டுவிட வந்தால், "நானே போட்டுக்கிறேன்" என்று டப்பாவை வாங்கிக்கொள்வாள்.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழகப்பன் வந்தான். காக்கி உடுப்போடு, வேலை முடிந்து நேராக வந்திருந்தான். கூட அக்கா இல்லை. மருதப்பன் பரபரத்துப் பாயை விரித்தான். ரத்தினம்மா டீ போட்டாள். உள்ளுக்குள் அவளுக்கும் ஓர் ஆசை எழும்பத்தான் செய்தது.

"அக்காதான் அனுப்பிச்சாங்க" என்றான் அழகப்பன். "பஃபலோ ரோட்டுல நடந்ததெல்லாம் கேள்விப்பட்டோம். வியாதி இல்லை, மஞ்சள்தான்னு இப்போ அவங்களுக்கும் தெரியும். அன்னிக்குப் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க. மூஞ்சி நல்லா தெளிஞ்ச பெறகு தேதி வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அதுக்கென்ன தம்பி, தாராளமா!" என்றான் மருதப்பன்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்று கமலா எழுந்து வந்தாள். முகத்தை மறைக்க இத்தனை நாளும் போட்டிருந்த முக்காடு இல்லை. ஜன்னல் வெளிச்சம் அந்தக் கன்னத்தில் நேராக விழும்படி நின்றாள். "மஞ்சள் தேய்க்கச் சொன்னது உங்க அக்காவா, நீங்களா?"

அழகப்பன் திணறினான். "அக்காதான்."

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். வீட்டுல பேசிக்கிட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். மருதப்பன்கூட, சொல்லிவிடு என்பது போல அவனைப் பார்த்தான். ஆனால் அழகப்பன் நல்லவன்தான். தரையைப் பார்த்தபடி உள்ளதைச் சொன்னான். "நான் வேணாம்னு சொல்லல. போட்டோ எடுக்கிறப்போ பக்கத்துல நின்னா… கொஞ்சம் பளிச்சுன்னு இருந்தா நல்லாருக்கும்னு நினைச்சேன்."

"அப்போ போட்டோக்காரன்கிட்டத்தான் போகணும். அவன்தான் வெள்ளையாக்கிக் கொடுப்பான். எங்க வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?"

"கமலா!" என்று மருதப்பன் கத்தினான். "ரத்தினம், உன் மகளைப் பாரு! நீ சொல்லு!"

அழகப்பனும் ரத்தினம்மாவைப் பார்த்தான். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. வலிய வந்த மாப்பிள்ளை, கன்னத்தில் திட்டு, இனிமேல் யார் வருவார்கள். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. மகள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அம்மா என்ன சொல்வாள் என்று முன்கூட்டியே தெரிந்தவள் போல, தாடையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

ரத்தினம்மா கிளாசை அழகப்பன் பக்கம் நகர்த்தினாள்.

"டீ ஆறுது தம்பி. குடிச்சிட்டுப் போங்க" என்றாள். "இனி வர வேணாம்."

அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போனான். மருதப்பன் பாயைச் சுருட்டி மூலையில் வீசினான். "ஆத்தாளும் மகளும் சேர்ந்து குடியைக் கெடுத்தாச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கமலா டீக் கிளாசை எடுத்துக் கழுவினாள். கழுவிக்கொண்டே, "ஜூரோங்ல தையல் ஃபேக்டரி திறந்திருக்காங்க. கீழ்வீட்டுப் பொண்ணு போகுது. நானும் பேரு கொடுத்துட்டேன்" என்றாள்.

"ஜூரோங்கா? அவ்வளவு தூரமா?"

"லாரி வரும்."

"நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லலையே."

"சொன்னாலும் போவேன்" என்றாள் கமலா.

கமலா வேலைக்குப் போன முதல் நாள், விடிந்தும் விடியாத நேரத்தில், மகளுக்குத் தெரியாமல் ரத்தினம்மாவும் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் போனாள். மேலே தார்ப்பாய் போட்ட லாரியில் பெண்கள் எதிரெதிராகப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்ப் பெண்கள், மலாய்ப் பெண்கள், சீனப் பெண்கள். கமலா ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த வயதான தமிழ்ப் பெண்ணொருத்தி அவள் கன்னத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "என்னம்மா ஆச்சு மூஞ்சிக்கு?" என்று கேட்டாள்.

கமலா குரலைத் தாழ்த்தவில்லை. லாரியிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"பஃபலோ ரோட்டுத் தங்கராஜு கடை மஞ்சள். சாயம் போட்டது. எங்கம்மா தேய்ச்சது."

எஞ்சின் உறுமியது. லாரி கிளம்பிற்று. கமலா தெருமுனையில் நின்ற தாயை அப்போதுதான் பார்த்தாள். பார்த்தும் சொன்னதைத் திருப்பி வாங்குவது போல முகத்தை ஒன்றும் செய்துகொள்ளவில்லை. நேராகப் பார்த்தாள்.

மகள் இன்னும் எத்தனை பேரிடம், எத்தனை வருஷத்துக்கு இதைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்துப் பார்த்தாள் ரத்தினம்மா. நெஞ்சுக்குள் எரிந்தது. ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்ல அவளுக்கு வழியில்லை. லாரி புக்கிட் தீமா ரோட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது. மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் நடந்தாள்.